முதல் ஃபோன் கைக்கு வந்ததும்: ஒரு சேதி புறப்பட்ட இடத்தைத் தேடிப் போவது எப்படி?

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூன் மாதத்தில், நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். பிளஸ் டூ முடித்தவள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். விண்ணப்பத்துக்கு இன்னும் 4 நாள் இருக்கிறது என்று சொல்லி ஃபோனில் ஒரு போஸ்டரைக் காட்டினாள். கல்லூரியின் பெயர், முத்திரை, தேதி எல்லாம் இருந்தன. ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த வருடம் மட்டும் முந்தின வருடம். அவள் வந்த வருடத்துக்கான விண்ணப்பம் ஒரு வாரம் முன்பே முடிந்துவிட்டிருந்தது.

"கிளாஸ் குரூப்ல வந்துச்சுக்கா. எல்லாரும்தான் பாத்தாங்க," என்றாள். அவள் விரும்பிய பாடம் அந்த வருடம் கிடைக்கவில்லை. அந்தப் போஸ்டரில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஒரு வருடம் பழசு, அவ்வளவுதான். அந்த முகம் இன்னும் என் மனதில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளி முடித்து முதன்முதலாகச் சொந்த ஃபோன் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கான வழிகாட்டி இது. ஃபோனை எப்படி இயக்குவது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் நீங்கள்தான் எனக்கு ஆசிரியர்கள். நான் சொல்லப்போவது ஒன்றுதான். நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். செய்திமூலம் பார்த்தே ஆக வேண்டும். கையில் வந்த சேதியோடு நின்றுவிடாமல், அது புறப்பட்ட இடம் வரை போய்ப் பார்த்துவிட்டு வரும் பழக்கம் வேண்டும். அதற்கான படிகள் இவை.

முதல் படி: சேதி எந்தப் பாதையில் வந்தது?

நான் படித்த காலத்தில் பொதுத்தேர்வு முடிவுகள் நாளிதழில் வெறும் பதிவெண்களாக வரும். பஸ் ஸ்டாண்டு கடையில் கட்டு வந்து இறங்கும்வரை நின்றிருப்போம். எண் இல்லை என்றால் இல்லைதான். அந்தப் பாதை நீளமாக இருந்தாலும் அதில் ஒவ்வொருவரும் யாரென்று தெரியும்: முடிவை வெளியிட்ட தேர்வுத் துறை, அச்சிட்ட பத்திரிகை, விற்ற கடைக்காரர்.

இன்று ஒரு சேதி நூறு கை மாறி வந்தாலும், உங்களுக்குத் தெரிவது கடைசிக் கை மட்டும்தான். அது உங்கள் தோழியின் கை. தோழி மேல் இருக்கும் நம்பிக்கை, அவள் அனுப்பிய சேதிமேலும் ஒட்டிக்கொள்கிறது. தோழியை நம்புங்கள். ஆனால் அந்தச் சேதியை அவள் எழுதவில்லை என்பதை மறக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பே இதற்கு ஒரு குறி வைத்திருக்கிறது. சேதியின் தலையில் ஒற்றை அம்பு இருந்தால், அனுப்பியவர் தாமாக எழுதவில்லை, வேறிடத்திலிருந்து வந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறார். இரட்டை அம்பு இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. இரட்டை அம்புச் சேதியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு அரட்டைக்குத்தான் தள்ள முடியும். 2020 ஏப்ரலில் இந்தத் தடை வந்தது. அம்பு இருப்பதாலேயே பொய் என்று ஆகிவிடாது. ஊற்று, அதாவது சேதி புறப்பட்ட இடம், தொலைவில் இருக்கிறது, நடக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். ஒருவர் அதை நகலெடுத்துப் புதிதாக ஒட்டி அனுப்பினால் அம்பு மறைந்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து ஐந்து நிமிட வேலை ஒன்றை இப்போதே முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைக்குப் போய், உங்களைக் குழுக்களில் சேர்க்க யாருக்கு அனுமதி என்ற இடத்தில் 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். கணக்குப் பகுதியில் ஆறு இலக்க ரகசிய எண்ணைப் போட்டு இரண்டு கட்டப் பாதுகாப்பை இயக்குங்கள். படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும், அண்ணன் பெயரில் வந்து கேட்டாலும், சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

இரண்டாம் படி: கிழமையைப் பாருங்கள்

நவம்பர், டிசம்பரில் மழை பிடித்தால் மாணவர்களின் ஃபோனில் வரும் முதல் கேள்வி "நாளைக்கு லீவா?" என்பதுதான். பழகிப் பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

டிவி சேனல் ஒன்றின் திரையைப் படமெடுத்தது போல ஒரு படம் வருகிறது: மாவட்டத்தின் பெயர், 'விடுமுறை', ஒரு தேதி. மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மாவட்டம்? பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா? தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா?

மூன்றாவது கேள்விதான் பழைய படத்தைப் பிடித்துக் கொடுக்கும். ஒரே தேதி அடுத்த வருடம் ஒரு கிழமை தள்ளி வரும். இடையில் பிப்ரவரி 29 வந்துவிட்டால் இரண்டு கிழமை தள்ளி வரும். 2015 டிசம்பர் 2 புதன்கிழமை. 2016 டிசம்பர் 2 வெள்ளிக்கிழமை. பழைய படத்தில் வருடத்தை அழிப்பவர்கள் கிழமையை மாற்ற மறந்துவிடுவார்கள். காலண்டரைத் திறந்து பார்க்கப் பத்து நொடி ஆகும்.

அடுத்து, ஊற்று எது? மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். ஆகவே பார்க்க வேண்டியது ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தையும் மாவட்டத்தின் அரசு இணையதளத்தையும். மழை எச்சரிக்கைக்கு ஊற்று இந்திய வானிலை ஆய்வு மையம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் அவர்களுடையவை. சிவப்பு எச்சரிக்கை விடுப்பது வானிலை மையத்தின் வேலை, லீவு விடுவது ஆட்சியரின் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் போடும் சேதிகள்தான் ஒவ்வொரு மழைக்கும் சுற்றுகின்றன.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தெருவில் படகு தேவை, எந்த மண்டபத்தில் சாப்பாடு இருக்கிறது என்பதை இளைஞர்கள் ஃபோன் வழியாகவே ஒருங்கிணைத்தார்கள். அந்த நாட்களில் அவர்கள் செய்த வேலை எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. அதே ஃபோன்களில்தான், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் வெளியேறிவிட்டன என்ற வதந்தியும் ஓடியது. ஒரு முதலையும் வெளியேறவில்லை என்று பண்ணையே சொல்ல வேண்டி வந்தது. இன்னொரு தொல்லையும் இருந்தது: உண்மையான உதவிக் கோரிக்கைகள், தேவை தீர்ந்த பிறகும் நாள்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருந்தன. ஆகவே ரத்தம் வேண்டும், படகு வேண்டும் என்று நீங்கள் எழுதும்போது தேதியையும் நேரத்தையும் சேதிக்குள்ளேயே எழுதுங்கள். கிடைத்துவிட்டால் 'கிடைத்துவிட்டது' என்று மறுபடியும் எழுதுங்கள்.

மூன்றாம் படி: நீங்கள் பேசும் சொல் வேறு, ஊற்றில் இருக்கும் சொல் வேறு

கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இது. நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் தேடித் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நீங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறீர்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. உலகின் முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது, ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஒரு எஸ்எம்எஸ் சுமக்கக் கூடியது 140 பைட், அதாவது 1,120 பிட் (கணினியில் தகவலை அளக்கும் மிகச் சிறிய அலகு). ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், ஆகவே 160 எழுத்து நுழையும். தமிழுக்கு யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும், ஆகவே 70 குறிதான் நுழையும். 'கா' என்பதில் க ஒரு குறி, கால் இன்னொரு குறி. 'க்' என்பதில் புள்ளியும் தனிக் குறி. அதாவது தமிழில் எழுதினால் ஒரு சேதி சீக்கிரம் இரண்டு மூன்று சேதியாகி, அத்தனைக்கும் காசு ஆகிவிடும். போதாததற்கு, எதிரில் இருப்பவரின் ஃபோனில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்படித்தான் ஒரு தலைமுறை ஆங்கில எழுத்தில் தமிழ் பேசப் பழகியது. அந்தத் தடை போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

நண்பர்களிடம் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், அது உங்கள் மொழி. தேடும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அரசு ஆவணத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அந்தச் சொல்லைப் போட்டால்தான் அந்த ஆவணம் மேலே வரும். நீங்கள் 'கவுன்சிலிங்' என்பது அங்கே 'கலந்தாய்வு'. ஸ்காலர்ஷிப், உதவித்தொகை. கம்யூனிட்டி சர்டிபிகேட், சாதிச் சான்றிதழ். நேட்டிவிட்டி, இருப்பிடச் சான்றிதழ். இன்கம், வருமானச் சான்றிதழ். ஃபர்ஸ்ட் கிராஜுவேட், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ். ஜிஓ, அரசாணை. இந்தப் பட்டியலை நூலகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். போகிறவர்கள் வருகிறவர்கள் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்.

தமிழில் தட்டுவது கடினமாக இருந்தால் குரலில் சொல்லுங்கள். கூகுள் 2017-இலேயே தமிழ்க் குரல் தட்டச்சைக் கொண்டுவந்துவிட்டது. கையால் பழக விரும்பினால் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையைச் சொல்வேன். முதலில் விரல் தடுமாறும், பிறகு வேகம் வந்துவிடும்.

தேடலில் இன்னும் மூன்று உத்திகள். ஒன்று, சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால், அந்தச் சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்பதை மேற்கோளுக்குள் போட்டும் போடாமலும் தேடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இரண்டு, ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஒரு இணையதளத்தின் முகவரியைச் சேர்த்தால், அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். டிஎன்பிஎஸ்சி தளத்துக்குள் மட்டும் தேட நான் தினமும் செய்வது இதைத்தான். மூன்று, முடிவுகள் வந்ததும் தேடல் கருவிகளுக்குப் போய் 'கடந்த ஒரு மாதம்' என்று காலத்தைச் சுருக்குங்கள். போஸ்டரோடு வந்த அந்தப் பெண்ணுக்கு இந்த மூன்றாவது உத்தி தெரிந்திருந்தால் போதும்.

நான்காம் படி: முகவரியின் வாலைப் படியுங்கள்

டாட் ஜிஓவி டாட் இன், டாட் என்ஐசி டாட் இன் என்று முடியும் முகவரி அரசுக்கு மட்டுமே கிடைக்கும். டாட் காம், டாட் இன், டாட் ஓஆர்ஜி ஆகியவற்றை நீங்களும் நானும்கூடக் காசு கொடுத்து வாங்கலாம். 'தமிழ்நாடு', 'கவர்ன்மென்ட்' என்ற சொற்கள் முகவரியின் நடுவில் இருப்பது எதையும் உறுதிப்படுத்தாது. வால்தான் முக்கியம்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, உங்களில் பலருக்கு அது தேவைப்படும். பொறியியல் கலந்தாய்வுக்கான டிஎன்இஏ தளம் டாட் ஓஆர்ஜி என்று முடிகிறது. அது உண்மையான தளம்தான். அப்படியானால் போலியை எப்படிப் பிரிப்பது? சுற்றி வந்த இணைப்பைத் தொடாதீர்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அரசுத் தளத்துக்கோ, அவர்கள் நாளிதழில் கொடுத்த அறிவிப்புக்கோ போய், அங்கே இருக்கும் முகவரியைப் பிடித்துப் போங்கள். அரசுத் தளம் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் இடத்துக்குத் தைரியமாகப் போகலாம்.

'இன்றே கடைசி', 'பத்துப் பேருக்கு அனுப்பினால் லேப்டாப்' என்று அவசரப்படுத்தும் இணைப்புகளைத் திறக்கவே வேண்டாம். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டிலும் தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று என்னிடம் நிறையப் பிள்ளைகள் ஃபோனில் வந்த இணைப்புகளோடு வந்தார்கள். அவர்களை அனுப்பிவைத்தது கல்லூரி அலுவலகத்துக்குத்தான். சில சேதிகளின் ஊற்று இணையத்தில் இருக்காது, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரிடம் இருக்கும்.

ஐந்தாம் படி: படத்துக்கும் வீடியோவுக்கும் பிறந்த ஊர் உண்டு

தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்த இந்தியா என்று ஒரு படம் ஒவ்வொரு வருடமும் வரும். நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை விளக்குகள். அழகான படம். அது தீபாவளியில் எடுத்தது இல்லை, ஒரே இரவில் எடுத்ததும் இல்லை. அமெரிக்க வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் விஞ்ஞானி ஒருவர், நாட்டில் விளக்கொளி எப்படிப் பரவியது என்று காட்ட, பல வருடத்துச் செயற்கைக்கோள் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்த படம். 1992-இல் புதிதாகத் தெரிந்த ஒளி நீலம், 1998-இல் பச்சை, 2003-இல் சிவப்பு, அதற்கும் முன்பே இருந்தது வெள்ளை. உண்மைக் கதை பொய்க் கதையைவிடச் சுவையாக இருக்கிறது என்பது என் எண்ணம். உங்கள் ஊர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

படத்தின் ஊரைக் கண்டுபிடிக்கும் வழி: குரோமில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் கூகுள் லென்ஸில் தேடும் வசதி வரும். வாட்ஸ்அப்பில் வந்த படமென்றால் கேலரியில் சேமித்து, கூகுள் செயலியின் கேமரா குறியைத் தொட்டு அந்தப் படத்தைக் கொடுங்கள். அதே படம் இருக்கும் பக்கங்கள் வரிசையாக வரும். அவற்றில் எது மிகப் பழையது என்று தேடுங்கள். 'இன்று காலை நடந்த விபத்து' என்று வந்த படம் ஐந்து வருடம் முன்பே வேறொரு மாநிலத்தில் இருந்தால் வேலை முடிந்தது.

வீடியோவுக்கு இப்படி நேராகத் தேட முடியாது. ஆனால் கடைப்பலகை, வண்டி எண், முகம் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, திரையைப் படமெடுத்து, அந்தப் படத்தைத் தேடலாம். பலகையில் என்ன மொழி இருக்கிறது என்று முதலில் கவனியுங்கள்.

இதைச் சலிப்பான வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2018-இல் இரண்டு பேர் பைக்கில் வந்து தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப்போகும் வீடியோ இந்தியா முழுக்கச் சுற்றியது. குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று கூடவே குரல்பதிவுகள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் காணாமல் போவதைப் பற்றி விழிப்புணர்வுக்காக எடுத்த படம். முடிவில் பைக்கில் வந்தவர்களே குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு ஒரு எச்சரிக்கைப் பலகையைக் காட்டுவார்கள். சுற்றிய வீடியோவில் அந்த முடிவை வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த வருடம் மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த ஒரு குடும்பம் காரை நிறுத்தி அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. கடத்தல்காரர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். நாட்டின் பல இடங்களிலும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான், அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு சேதியை ஐந்து அரட்டைகளுக்கு மேல் தள்ள முடியாதபடி செய்தது.

அந்த வீடியோவைத் தள்ளிவிட்ட ஒவ்வொருவரும், பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் தள்ளியிருப்பார்கள். அதனால்தான் பயமுறுத்தும் வீடியோ வந்தால், அதன் முழு நீளம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள் என்கிறேன்.

ஆறாம் படி: யூடியூபில் பாடம் கேட்பவர்களுக்கு

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு, ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கு யூடியூப்தான் டியூஷன் சென்டர். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் வாசிப்பறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன். நல்ல ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். பாடத்தை அங்கே கேளுங்கள். தேதி, வயது வரம்பு, கட்டணம், காலியிட எண்ணிக்கை ஆகிய நான்கையும் மட்டும் அங்கே கேட்காதீர்கள். அவை தேர்வாணையம் வெளியிடும் அறிவிக்கையில் இருக்கின்றன. அறிவிக்கைக்கு ஓர் எண்ணும் தேதியும் உண்டு. நல்ல சேனல் அந்த எண்ணைத் திரையில் காட்டும், பிடிஎஃப் இணைப்பைக் கீழே கொடுக்கும். 'கசிந்த தகவல்', 'நம்பகமான வட்டாரம்' என்று ஆரம்பித்தால் வேறு சேனலுக்குப் போங்கள்.

ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் வருவது நீங்கள் தேடி வந்தது இல்லை, உங்களைத் தேடி வந்தது. எதில் அதிக நேரம் நின்றீர்களோ அதுவே திரும்பத் திரும்ப வரும். தலைவலி பற்றி இரண்டு வீடியோ பார்த்தால் மூன்றாவது நாள் மூளைக் கட்டி பற்றி வரும். பயந்துபோய் என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. ஆரம்பச் சுகாதார நிலையம் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது, போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

ஏழாம் படி: ஏஐயிடம் கேட்பதற்கு முன்

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. இப்போது வாட்ஸ்அப்பிலேயே மெட்டா ஏஐயின் வளையம் இருக்கிறது, கூகுளில் தேடினால் மேலேயே ஏஐ விடை வருகிறது. பிள்ளைகள் முதலில் கேட்பது அதனிடம்தான். இதில் தவறில்லை. அது எப்படி விடை சொல்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்து வரிவரியாக எழுதுகிறது. தெரியாததையும் அதே சரளத்தோடு எழுதிவிடும். இல்லாத அரசாணைக்கு எண் கொடுக்கும், இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயர் கொடுக்கும். அப்படிப்பட்ட நூலைக் கேட்டு வந்தவர்களுக்காக அலமாரி முழுக்கத் தேடியிருக்கிறேன்.

முதல்நாளே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களுக்கு உள்ளங்கை போலத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் ஊர்க் கோயில் திருவிழா எந்த மாதம், ஊர் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பக்கத்து ஊருக்கு எத்தனாம் நம்பர் பஸ். எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே நம்பிக்கையோடு தவறு செய்கிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

புரியாத கணக்கைப் படிப்படியாக விளக்கச் சொல்லுங்கள், ஆங்கிலக் கடிதத்தைத் திருத்தச் சொல்லுங்கள், நேர்காணலுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இவற்றில் அது பொறுமையான துணை. பெயர், தேதி, எண், மருந்தளவு, சட்டப்பிரிவு வந்தால் அங்கே நிறுத்தி, மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் திரும்பி வாருங்கள்.

எட்டாம் படி: தமிழில் ஊற்றுகள் இருக்கும் இடம்

கட்டுரை எழுத வேண்டும், ஓர் ஊரின் வரலாறு வேண்டும் என்றால் தமிழ் விக்கிப்பீடியாவில் தொடங்கலாம். 2003 முதல் தன்னார்வலர்கள் எழுதி வருகிறார்கள். தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன், அங்கேயே முடிக்க வேண்டாம். பக்கத்தின் அடியில் மேற்கோள்கள் இருக்கும், அவற்றுக்குப் போங்கள். 'வரலாறு' என்ற தத்தலை (டேப்) தொட்டால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று தெரியும்.

பழந்தமிழ் இலக்கியத்துக்கு 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. பழைய அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நூலகம் திட்டம். மூன்றும் இலவசம், மூன்றையும் ஃபோனிலேயே படிக்கலாம். பக்கத்தைப் பார்த்து மேற்கோள் காட்டினால் உங்கள் பேராசிரியர் முகம் மலர்வார்.

அப்புறம் எங்கள் நூலகங்கள். இந்தியாவிலேயே மாநில அளவில் விடுதலைக்குப் பிறகு பொது நூலகச் சட்டம் முதலில் வந்தது இங்கேதான், 1948-இல். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று பெரிய இடங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கிளை நூலகமும் இருக்கிறது. ஃபோனோடு வாருங்கள், தடையில்லை.

ஒன்பதாம் படி: மனிதரிடம் கேட்பது

உங்களில் பலருக்கு அழைத்துப் பேசத் தயக்கம். வாய்ஸ் நோட் அனுப்புவீர்கள், அழைப்பு வந்தால் எடுக்க மாட்டீர்கள். வாய்ஸ் நோட் நல்ல வசதிதான். படிக்கத் தெரியாத பாட்டியும் பேரனும் அதில்தான் பேசிக்கொள்கிறார்கள். கல்லூரி அலுவலகத்துக்கு அது ஆகாது. மின்னஞ்சல் எழுதுங்கள்: பொருள் என்ற இடத்தில் என்ன வேண்டும் என்று ஒரே வரி, உள்ளே உங்கள் பெயர், துறை, பதிவெண், ஒரு கேள்வி. 'ஹாய் சார்' வேண்டாம், 'மதிப்பிற்குரிய ஐயா' அல்லது 'அம்மா' போதும். மூன்று நாளில் பதில் வராவிட்டால் அலுவலக நேரத்தில் அழையுங்கள். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தால் குரல் நடுங்காது.

பத்தாம் படி: பெரியப்பா அனுப்பியது தவறென்று தெரிந்தால்

ஊற்று வரை போய் வந்துவிட்டீர்கள். சேதி தவறு. அதை அனுப்பியவர் குடும்பக் குரூப்பில் பெரியப்பா. எல்லார் முன்னாலும் 'இது ஃபேக்' என்று போட்டால் அவர் முகம் சுண்டிப்போகும், அடுத்த சேதியையும் வீம்புக்காகவே அனுப்புவார். தனியாக எழுதுங்கள், அல்லது மாலையில் அழைத்துப் பேசுங்கள்.

"பெரியப்பா, காலைல நீங்க அனுப்புன மருந்து மேட்டரு, நானும் உண்மைன்னுதான் நெனச்சேன். தேடிப் பாத்தேன், அது பழைய வதந்தியாம். சரியானது இந்த லிங்க்ல இருக்கு, நேரம் கெடைக்கும்போது பாருங்க. அத்தை அதப் பாத்து மாத்திரைய நிறுத்திறப் போறாங்கன்னு பயமா இருக்கு."

அவர் மரியாதை அவரிடமே இருக்கும், கவலை யாருக்காக என்பதும் அவருக்குப் புரியும். குரூப்பில் அவரே திருத்திப் போட்டுவிடுவார். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நீங்களே தவறான ஒன்றை அனுப்பிவிட்டால், அந்தச் சேதியை அழுத்திப் பிடித்து 'அனைவருக்கும் நீக்கு' என்பதைத் தொடுங்கள். அனுப்பி இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை அந்த வசதி இருக்கும். நீக்குவதோடு நின்றுவிடாதீர்கள். அதற்குள் அதைப் படித்தவர்களும் வேறு குரூப்புக்குத் தள்ளியவர்களும் இருப்பார்கள். அதே குரூப்பில், தேதியோடு, ஒரு வரி எழுதுங்கள்: 'காலையில் நான் அனுப்பிய கடைசித் தேதி சென்ற வருடத்தது. இந்த வருடத்துத் தேதி இது. கல்லூரித் தளத்தில் பார்த்தேன்.' தேதியைப் போட்டு, எங்கே பார்த்தீர்கள் என்ற இணைப்பையும் கீழே ஒட்டிவிடுங்கள்.